லாராவெல்லை விட்டுவிட்டு நெக்ஸ்டுக்கு மாற வேண்டுமா? ஏலக்காய்க் கணக்கு மென்பொருளுக்கு வந்த விமர்சனங்கள்

குமுளியில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். மூன்று பேர் சேர்ந்து, வண்டன்மேடு, புத்தடி, போடி பக்கத்து ஏலக்காய் வியாபாரிகளுக்கு எடைச் சீட்டு, பில், பற்று வரவு பார்க்கும் மென்பொருளை லாராவெல்லில் (பிஎச்பி மொழியில் வலைச் செயலிகள் கட்ட உதவும் ஃபிரேம்வொர்க், அதாவது அடிச்சட்டம்) எழுதி நடத்துகிறீர்கள். லாராவெல், பைதான் மொழியின் ஜாங்கோ, ஜாவாஸ்கிரிப்டின் நெக்ஸ்ட், ரியாக்ட் நான்கையும் ஒப்பிட்டு, 'எங்கள் வேலைக்கு லாராவெல்லே சரி' என்று ஒரு கட்டுரை எழுதி வெளியிட்டதும் நான்கு விதமான எதிர்ப்பு வந்திருக்கிறது: பிஎச்பி செத்துப்போன மொழி, வேகப் போட்டிப் பட்டியலில் லாராவெல் அடிமட்டத்தில் இருக்கிறது, ரியாக்ட் இல்லாமல் இந்தக் காலத்தில் யாரும் எழுதுவதில்லை, லாராவெல்லில் பாதுகாப்பு ஓட்டைகள் அதிகம். எல்லாவற்றையும் நெக்ஸ்டில் திரும்ப எழுதலாமா, இவர்களுக்கு என்ன பதில் சொல்வது, வேலைக்கு ஆள் கிடைப்பார்களா என்பவை உங்கள் கேள்விகள். அவற்றுக்குள்ளே இருக்கும் உண்மையான கேள்வி, 'வியாபாரிகளின் பணமும் கணக்கும் எங்கள் கையில் பத்திரமாக இருக்கிறதா, இந்த விமர்சனங்களில் எது அதைத் தொடுகிறது?' என்பதுதான் என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நீங்கள் எழுதியிருப்பதை மட்டும் வைத்துப் பார்த்தால் திரும்ப எழுதுவதற்கு ஒரு காரணமும் தெரியவில்லை. ஆனால் ஒரே ஒரு திரையை மாற்றியே ஆக வேண்டும். விமர்சகர்களில் ஒருவர் சொன்னது அந்த இடத்தில் முழுக்கச் சரி. அந்தத் திரையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். உங்கள் நிரல் வரிகளை (கோடு) பார்க்காமல் சொல்லக்கூடியதையும் பார்த்தால்தான் சொல்ல முடியும் என்பதையும் ஆங்காங்கே பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உங்கள் ஒப்பீட்டிலேயே ஒரு பிழை இருக்கிறது. லாராவெல், ஜாங்கோ, ரூபி மொழியின் ரெயில்ஸ் மூன்றும் முழு வீடு. டேட்டாபேஸ் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் மைக்ரேஷன், உள்ளீட்டுச் சரிபார்ப்பு, உள்நுழைவு, மெயில் எல்லாம் அதோடு வரும். ஜாங்கோவில் நிர்வாகத் திரையும் சேர்ந்தே வரும், லாராவெல்லில் பின்னணி வேலைக்கான கியூவும் சேர்ந்தே வரும். ரியாக்ட் திரையை வரைவதற்கான நூலகம் மட்டுமே. அதன் ஆவணங்களே அப்படித்தான் சொல்கின்றன. நெக்ஸ்ட் அந்த ரியாக்டின் மேல் சர்வர், ரவுட்டிங் (எந்த முகவரிக்கு எந்தப் பக்கம்), பில்ட் (வெளியிடத் தயாராக்குவது) ஆகியவற்றைத் தருகிறது. டேட்டாபேஸ் அடுக்கும் மைக்ரேஷனும் கியூவும் நாமே தேடிச் சேர்க்க வேண்டியவை. ஆகவே லாராவெல்லோடு ஒப்பிட வேண்டியது நெக்ஸ்டை மட்டும் அல்ல. நெக்ஸ்ட், பிரிஸ்மா போன்ற ஒரு டேட்டாபேஸ் அடுக்கு, ஓர் உள்நுழைவு நூலகம், ஒரு கியூ, இத்தனையும் சேர்ந்த முழுத் தொகுப்பை; இதைத்தான் இனி 'கட்டு' என்கிறேன். உங்கள் அட்டவணையில் ரியாக்டையும் லாராவெல்லையும் ஒரே வரிசையில் வைத்துக் கோடு எண்ணிக்கையை ஒப்பிட்டிருக்கிறீர்கள். அந்த அட்டவணை இரண்டு தரப்புக்கும் நியாயம் செய்யவில்லை. அதை எடுத்துவிட்டு, ஒரே வேலையை, உதாரணமாக 'ஒரு வியாபாரி உள்ளே வந்து, ஒரு லாட்டுக்கு (ஒரு தொகுதிச் சரக்குக்கு) பில் போட்டு, பிடிஎஃப் எடுப்பது' என்பதை, ஒவ்வொரு கட்டிலும் எத்தனை நூலகங்களைக் கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது என்று எழுதுங்கள்.

பிஎச்பி செத்துவிட்டது என்பதற்கு வருவோம். இப்படிச் சொல்பவர்கள் பெரும்பாலும் பிஎச்பி 5 காலத்தை மனதில் வைத்துப் பேசுகிறார்கள். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7 பல பயன்பாடுகளின் வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்கியது. 2020 நவம்பரில் வந்த பிஎச்பி 8, வகைக் குறிப்புகளையும் பிழை கையாளலையும் கண்டிப்பாக்கியது. விக்கிப்பீடியாவை நடத்தும் மீடியாவிக்கி இன்றும் பிஎச்பியில்தான் ஓடுகிறது. இவை உறுதியான செய்திகள். ஆனால் 'பெரிய தளமே பயன்படுத்துகிறது' என்ற இந்தக் கடைசி வாதத்தை நீங்கள் பதிலாகப் பயன்படுத்த வேண்டாம் என்பேன். இன்ஸ்டாகிராம் ஜாங்கோவில் வளர்ந்தது, கிட்ஹப்பும் ஷாப்பிஃபையும் ரெயில்ஸில் இருக்கின்றன, ட்விட்டர் ரெயில்ஸை விட்டு ஸ்காலாவுக்குப் போனது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இப்படி ஒரு பெரிய பெயர் கிடைக்கும். அந்த நிறுவனங்களில் அந்த ஃபிரேம்வொர்க்கையே பிரித்து மேயும் பொறியாளர் கூட்டம் இருக்கிறது. ஃபேஸ்புக் பிஎச்பியில் தொடங்கி, பிறகு தனக்கென்று ஹேக் என்ற மொழியையே உருவாக்கிக்கொண்டது. மூன்று பேர் நடத்தும் மென்பொருளுக்கு அவர்கள் வழி சான்றும் ஆகாது, மறுப்பும் ஆகாது.

அந்த விமர்சனத்தில் உண்மையாக இருக்கக்கூடிய ஒரு பகுதி உண்டு. உங்கள் சர்வரில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று நீங்கள் எழுதவில்லை. மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் 7.4 இன்னும் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம்; அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. 8.1-க்கு 2025 டிசம்பரோடு முடிந்தது. அப்படிப்பட்ட பதிப்பில் இருந்தால், மொழி சாகவில்லை என்று வாதாடுவதற்கு முன் அதை ஏற்றுங்கள். லாராவெல் ஆண்டுக்கு ஒரு பெரிய பதிப்பு விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் பிழைத் திருத்தம் 18 மாதம், பாதுகாப்புத் திருத்தம் 2 ஆண்டு. ஜாங்கோவில் இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை நீண்டகால ஆதரவுப் பதிப்பு வரும். அதற்கு 3 ஆண்டுத் திருத்தம் உண்டு. 2025 ஏப்ரலில் வந்த 5.2 அப்படிப்பட்டது, 2028 ஏப்ரல் வரை தாங்கும். சிறிய குழுவுக்கு இந்த ஒரு விஷயத்தில் ஜாங்கோதான் நிம்மதி. உங்கள் கட்டுரையில் இது இல்லை, சேர்க்க வேண்டும். அதே அளவுகோலை நெக்ஸ்டுக்கும் வையுங்கள். 2022 அக்டோபரில் 13-ஆம் பதிப்போடு ஆப் ரவுட்டர் என்ற புதிய அமைப்பு வந்தது. பழைய பேஜஸ் அமைப்பு இன்னும் ஓடுகிறது என்றாலும், தரவை எடுக்கும் முறை, கேஷ் பழக்கம் (எடுத்ததைச் சேமித்து வைத்துத் திரும்பத் தருவது) இரண்டும் அடுத்தடுத்த பதிப்புகளில் மாறின. ஆங்குலரின் கதை இன்னும் கடினம்: 2016-இல் வந்த ஆங்குலர் 2 பழைய ஆங்குலர்ஜேஎஸ்ஸோடு பொருந்தவே இல்லை, பழையதற்கான ஆதரவு 2021 டிசம்பர் 31-இல் நின்றது. அதில் எழுதியவர்கள் திரும்ப எழுதத்தான் வேண்டியிருந்தது.

அடுத்து வேகம். இங்கேதான் அதிகக் குழப்பம் இருப்பதால் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். 2013 முதல் வந்த டெக்எம்பவர் ஒப்பீட்டில் லாராவெல் கீழே இருந்தது உண்மை, அதை மறுக்காதீர்கள். அந்தச் சோதனைகள் சிறு ஜேசன் (ஒரு தரவு வடிவம்) பதில், ஒற்றைக் குவெரி (டேட்டாபேஸிடம் கேட்கும் ஒரு கேள்வி), பல குவெரி, சிறு பட்டியல் பக்கம் போன்றவற்றை ஒரு விநாடிக்கு எத்தனை முறை அனுப்ப முடிகிறது என்று அளப்பவை. வேலை ஒன்றுமே இல்லாதபோது ஃபிரேம்வொர்க் தன் பங்குக்கு எவ்வளவு நேரம் தின்கிறது என்பது அதில் தெரியும். வழக்கமான பிஎச்பி அமைப்பில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் லாராவெல் அடியிலிருந்து எழுந்து வர வேண்டியிருக்கிறது, அதனால் அந்த எண் குறைகிறது. இனி உங்கள் பக்கத்தை வையுங்கள். ஒரு கட்டு எழுந்து வர 15 மில்லிவிநாடி, இன்னொன்றுக்கு 3 என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொண்டாலும், பில் பட்டியல் குவெரி 200 மில்லிவிநாடி எடுக்கும் என்றால், கட்டு மாற்றி மிச்சப்படுவது 12.

எத்தனை பேரைத் தாங்கும் என்பதையும் நீங்களே கணக்குப் போடலாம். ஒரே நேரத்தில் 200 பேர், ஒவ்வொருவரும் 10 விநாடிக்கு ஒரு பட்டன் என்றால் விநாடிக்கு 20 கோரிக்கை. ஒன்று முடிய 150 மில்லிவிநாடி என்றால் 20 × 0.15 = 3. அதாவது ஒரு நேரத்தில் ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் பிஎச்பி புராசஸ் சராசரியாக 3தான் எப்போதும் வேலையில் இருக்கும். புத்தடியிலோ போடியிலோ ஏலம் முடிந்த கையோடு எல்லோரும் பில் போட வந்து ஐந்து மடங்கு ஆனாலும் 15. சர்வரில் 4 ஜிபி நினைவகம் இருந்து, டேட்டாபேஸான மை எஸ்கியூஎல்லுக்கும் மற்றதற்கும் 1.5 ஜிபி விட்டு, ஒரு புராசஸுக்கு 60 எம்பி என்று எடுத்தால் சுமார் 40 புராசஸ் வைக்கலாம். ஆனால் இந்தப் புராசஸ்களை நடத்தும் பிஎச்பி எஃப்பிஎம் அமைப்பில், அதிகபட்சம் எத்தனை என்று சொல்லும் மேக்ஸ் சில்ட்ரன் என்ற எண் முதலில் வரும்போது 5 என்றே இருக்கும். அதைத் தொடாமல் விட்டால், 15 தேவைப்படும் நேரத்தில் 10 பேர் வரிசையில் நிற்பார்கள், பக்கம் சுழன்றுகொண்டே இருக்கும், பழி லாராவெல் மேல் விழும். உங்கள் எண்களைப் போட்டு இதைச் சரிபாருங்கள்; நான் வைத்தவை கணக்குக்கான எண்கள்தான்.

வேகமாக்க, லாராவெல்லின் துணைத் தொகுப்பான ஆக்டேன் போடச் சொல்லியிருக்கிறார் ஒருவர். அது பயன்பாட்டை நினைவகத்திலேயே வைத்திருப்பதால் எழுந்து வரும் நேரம் மிச்சம் என்பது சரி. அதன் ஆபத்தை அவர் சொல்லவில்லை. ஒரு கோரிக்கையில் ஸ்டேட்டிக் மாறியிலோ சிங்கிள்டனிலோ (எல்லா இடத்துக்கும் பொதுவான ஒரே பொருள்) வைத்தது அடுத்த கோரிக்கைக்கும் அப்படியே இருக்கும். 'இப்போதைய வியாபாரி' என்பதை நீங்கள் அப்படி எங்காவது வைத்திருந்தால், ஒருவரின் கணக்கு இன்னொருவர் திரையில் வரும். மேலே உள்ள கணக்குப்படி உங்களுக்கு அது தேவையே இல்லை.

உண்மையான மெதுவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, தேவைக்கு மேல் குவெரி. 50 பில்லைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் வியாபாரி பெயரையும் லாட் விவரத்தையும் தனித்தனியாக எடுத்தால் 1 + 50 + 50 = 101 குவெரி ஓடும். முன்கூட்டியே சேர்த்து எடுத்தால் 3 போதும். லாராவெல்லில் இதற்கு வித், ஜாங்கோவில் செலக்ட் ரிலேட்டட், பிரிஃபெட்ச் ரிலேட்டட், ரெயில்ஸில் இன்க்ளூட்ஸ், பிரிஸ்மாவில் இன்க்ளூட். நோயும் மருந்தும் எல்லா இடத்திலும் ஒன்றே. லாராவெல்லில் பிரிவென்ட் லேஸி லோடிங் என்ற அமைப்பை டெவலப்மென்டில் மட்டும் போட்டு வைத்தால், இப்படி நடக்கும் இடத்திலேயே பிழை வந்து நின்று காட்டிக்கொடுக்கும். கூடவே வியாபாரி எண், தேதி இரண்டையும் சேர்த்து ஓர் இண்டெக்ஸ் (விரைவாகத் தேட உதவும் பட்டியல்) இருக்கிறதா என்று, குவெரி ஓடும் வழியைக் காட்டும் எக்ஸ்பிளெய்ன் போட்டுப் பாருங்கள். இரண்டாவது இடம், சர்வர் எங்கே இருக்கிறது என்பது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இருந்தால் ஒரு போய்வரவுக்கே 200 மில்லிவிநாடிக்கு மேல் ஆகும். புதிய இணைப்பில் இணைப்பைத் திறக்கும் டிசிபிக்கு ஒன்று, அதை மறையாக்கும் டிஎல்எஸ்ஸுக்கு ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என்று குறைந்தது மூன்று போய்வரவு; எந்தக் கோடும் ஓடுவதற்கு முன்பே அரை விநாடிக்கு மேல் போய்விடும். மும்பையிலோ ஹைதராபாத்திலோ வைத்தால் இதில் பெரும்பகுதி மறைந்துவிடும். ஹோஸ்டிங் மாற்றுவதோடு முடிகிற வேலை இது. கோடில் ஒரு வரியும் மாறாது.

அளந்து காட்டப் போகிறீர்கள் என்றால் ஒழுங்காக அளக்க வேண்டும். பிழை விவரம் காட்டும் டீபக் மோடை அணைத்து, பிஎச்பி நிரலைத் தயாராக வைத்திருக்கும் ஓபிகேஷை இயக்கி, கான்ஃபிக்கையும் ரவுட்டையும் கேஷ் செய்து, உண்மையான அளவுக்குத் தரவை நிரப்பி, வேறொரு கணினியில் இருந்து கே6 போன்ற கருவியால் அடிக்க வேண்டும். சுமை ஏற்றும் கணினியும் சர்வரும் ஒன்றாக இருந்தால் எண் பொய். டீபக்பார் போட்ட லாராவெல்லை, பில்ட் செய்த நெக்ஸ்டோடு ஒப்பிடுவதும், டெவ் மோடில் ஓடும் நெக்ஸ்டை லாராவெல்லோடு ஒப்பிடுவதும் ஒரே தவறின் இரண்டு பக்கங்கள். சராசரியைப் போடாதீர்கள், நூறில் 95 கோரிக்கைகள் எத்தனை மில்லிவிநாடிக்குள் முடிந்தன என்று போடுங்கள். மாட்டிக்கொள்பவர் அந்த மிச்ச ஐந்தில்தான் இருப்பார். உங்கள் கட்டுரையில் இருக்கும் வேக எண்களோடு இந்த விவரம் எதுவும் இல்லை; அதனால் அவை சரியா தவறா என்று யாராலும் சொல்ல முடியாது. அதைக் கேட்டவரிடம் கோபப்பட்டிருக்கிறீர்கள். அவர் கேட்டது நியாயம்.

ரியாக்ட் இல்லாமல் முடியாது என்றவர்களில் ஒருவர் மட்டும் காரணத்தோடு பேசியிருக்கிறார்: 'மலையில் சிக்னல் போனால் உங்கள் எடைச் சீட்டுத் திரை என்ன செய்யும்?' முன்பே சொன்ன இடம் இதுதான். உங்கள் திரைகள் லாராவெல்லோடு சேர்ந்து ஓடும் லைவ்வயர் என்ற கருவியில் இருக்கின்றன. பெரும்பாலான அழுத்தங்களுக்கு அது சர்வருக்குப் போய்வர வேண்டும். ஏலக்காய் ஸ்டோரில் (காய் உலர்த்தும் இடம்) தராசின் பக்கத்தில் நின்று மூட்டை மூட்டையாக எடை போடும்போது இணைப்பு அறுந்தால் திரை உறைந்துவிடும், ஆள் காகிதத்தில் எழுதிக்கொள்வார், இரவு யாரோ அதைத் திரும்ப அடிப்பார்கள், அந்த இடத்தில் எண் மாறும். இதற்கு உலாவியிலேயே ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் வேண்டும். சர்வீஸ் வொர்க்கர் திரையைக் கையில் வைத்திருக்க வேண்டும், இண்டெக்ஸ்டு டிபி சீட்டுகளைச் சேமிக்க வேண்டும், இணைப்பு வந்ததும் அனுப்ப வேண்டும். ரியாக்டைப் போன்ற வியூவிலும் செய்யலாம், ரியாக்டிலும் செய்யலாம், நூலகமே இல்லாமலும் செய்யலாம். ரியாக்டும், அதை உலாவியோடு இணைக்கும் ரியாக்ட் டாமும் சுருக்கிய பிறகும் 40 கிலோபைட்டுக்கு மேல் வரும்; வியூ அதைவிடக் கொஞ்சம் சிறியது. ஒரே ஒரு திரைக்கு, நீங்கள் ஏற்கெனவே லாராவெல்லின் பிளேடு வார்ப்புரு எழுதிப் பழகியவர்கள் என்பதால், வியூ எளிதாகக் கைவரும் என்பது என் கருத்து. கருத்துதான், அளந்து சொன்னது அல்ல. மற்ற திரைகள் எல்லாம் இருந்தபடியே இருக்கட்டும்.

அந்தத் திரையில் ஒன்றைத் தவறவிட்டால் எல்லாம் கெடும். சீட்டு அனுப்பப்பட்டு, சர்வர் பதிந்து, பதில் திரும்பி வரும் வழியில் இணைப்பு அறுந்தால், கைபேசி 'போகவில்லை' என்று நினைத்துத் திரும்ப அனுப்பும். ஒரே மூட்டை இரண்டு முறை பதியும். ஒவ்வொரு சீட்டுக்கும் கைபேசியிலேயே ஒரு யுயுஐடி (மறுபடி வராத அடையாள எண்) உருவாக்கி, டேட்டாபேஸில் அந்தப் பத்திக்கு, ஒரே எண் இரண்டு முறை பதியாமல் தடுக்கும் யூனிக் இண்டெக்ஸ் போட்டு, இரண்டாவது முறை வந்தால் முதல் பதிவையே திருப்பித் தர வேண்டும். நேரத்தையும் கைபேசியில் எழுதிய நேரம், சர்வருக்கு வந்த நேரம் என்று இரண்டாக வையுங்கள். கைபேசிக் கடிகாரத்தை மட்டும் நம்பினால் வரிசை குழம்பும்.

நெக்ஸ்டுக்கு மொத்தமாக மாறினால் உங்களுக்குப் புதிதாக ஒரு வேலை வரும் என்பதை யாரும் சொல்லவில்லை. அது காசுக் கணக்கு. ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை இரட்டைத் துல்லிய மிதவை எண், 1.005-ஐ 100-ஆல் பெருக்கினால் 100.49999999999999 வரும். பைதானில் துல்லியமான பதின்ம எண் வகையான டெசிமல் மொழியோடே வருகிறது. பிஎச்பியின் ஃப்ளோட்டும் இதே சிக்கல் உள்ளதுதான், ஆனால் துல்லியக் கணக்குக்குப் பிசிமேத் இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டில் எல்லாவற்றையும் பைசாவாகவும் கிராமாகவும் முழு எண்ணில் வைக்க வேண்டும், இல்லையென்றால் தனி நூலகம் வேண்டும். எந்த மொழியானாலும் டேட்டாபேஸ் பத்தி டெசிமலாகவே இருக்கட்டும், ஃப்ளோட் வேண்டாம்.

துல்லியம் சரியாக இருந்தாலும் முழுமையாக்கும் விதி தனியாகக் கடிக்கும். 37.450 கிலோ, கிலோ 2,345 ரூபாய் என்றால் 87,820.25 ரூபாய். இதற்கு, மாநிலம் தாண்டும் விற்பனைக்கான 5 சதவீத ஐஜிஎஸ்டி 4,391.0125, முழுமையாக்கினால் 4,391.01. அதையே கேரளத்துக்குள் சிஜிஎஸ்டி, எஸ்ஜிஎஸ்டி என்று 2.5 சதவீதமாகப் பிரித்தால் ஒவ்வொன்றும் 2,195.50625, முழுமையாக்கினால் 2,195.51, கூட்டினால் 4,391.02. ஒரு பைசா வித்தியாசம். எல்லை தாண்டிப் போகிற பில்லும் உள்ளூர் பில்லும் ஒரே ஊரில் கலந்து ஓடும் உங்கள் பக்கத்தில் இது தினமும் வரும். மொத்த வரியைக் கணக்கிட்டு இரண்டால் வகுப்பது ஓரிடத்திலும், தனித்தனியே கணக்கிடுவது இன்னோரிடத்திலும் இருந்தால் பில்லும் பேரேடும் ஒத்துப்போகாது. வரிக் கணக்கை ஒரே ஒரு ஃபங்ஷனில் வைத்து, இந்த மாதிரி எண்களைக் கொண்டு டெஸ்ட் எழுதுங்கள். எந்த வரி பொருந்தும் என்பதை ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கத்தை, கேரளத்துக்கு 32, தமிழ்நாட்டுக்கு 33, மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். சரக்கு எங்கே போய்ச் சேருகிறது என்பதும் கணக்கில் வரும், அதை உங்கள் ஆடிட்டரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தமிழ், மலையாளம் என்று இரண்டு மொழிப் பெயர்கள் கலந்து வரும் இடத்தில் இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. ஃபிரேம்வொர்க் சண்டையில் இவற்றை யாரும் தொடுவதே இல்லை. தமிழில் 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும், தேடினால் கிடைக்காமல் போகலாம். சேமிக்கும் முன் என்எஃப்சி என்ற யூனிகோடு முறையில் சீராக்கினால் இது தீரும். பிஎச்பியில் இண்டல் எக்ஸ்டென்ஷனின் நார்மலைசர், பைதானில் யூனிகோடுடேட்டா. மலையாளத்தில் சில்லு எழுத்துகளுக்கு 2008-இல் யூனிகோடு 5.1 தனிக் குறிகள் தந்தது. அதற்கு முன் மெய்யெழுத்து, சந்திரக்கலை, இணைப்புக் குறி என்று மூன்றாக எழுதினார்கள். இந்த இரண்டையும் என்எஃப்சி ஒன்றாக்காது. நீங்களே ஒரு மாற்று அட்டவணை எழுதி ஓட்ட வேண்டும். இல்லையென்றால் ஒரே வியாபாரிக்கு இரண்டு கணக்கு தொடங்கிவிடும். பில் பிடிஎஃப்பிலும் கவனம் வேண்டும். பிஎச்பியில் பிடிஎஃப் உருவாக்கும் டோம்பிடிஎஃப் இந்திய எழுத்துகளைச் சேர்த்து வடிவமைக்காது, கொம்பு இடம் மாறி நிற்கும். எம்பிடிஎஃப்பில் அதற்கான வசதியை இயக்கினால் வரும். பைதானில் வீசிபிரிண்ட் சரியாகத் தரும். ஹெட்லெஸ் குரோமில் அச்சிட்டாலும் சரியாக வரும்.

பாதுகாப்பு பற்றிய விமர்சனம் பாதி சரி, பாதி அநியாயம். 2012 மார்ச்சில் ரெயில்ஸின் மாஸ் அசைன்மென்ட் (வந்த எல்லா விவரத்தையும் அப்படியே பதிவில் ஏற்றுவது) பழக்கத்தால் கிட்ஹப்பிலேயே ஒருவர் உள்ளே புகுந்து காட்டினார். லாராவெல்லிலும் பாதுகாக்க வேண்டிய பத்திகளைச் சொல்லும் கார்டட் பட்டியலைக் காலியாக விட்டு, கோரிக்கையில் வந்த எல்லாவற்றையும் அப்படியே மாடலுக்குக் கொடுத்தால் அதே ஓட்டைதான். 2021-இல் லாராவெல்லின் பிழைப் பக்கத்தைக் காட்டும் இக்னிஷன் தொகுப்பில் இருந்த குறை, டீபக் மோடை இயக்கி வைத்திருந்த சர்வர்களை முழுதாகத் திறந்துவிட்டது. மறுபக்கம், 2025 மார்ச்சில் நெக்ஸ்டின் மிடில்வேரை (கோரிக்கையை முன்னால் நின்று சோதிக்கும் பகுதி) ஒரு ஹெடரைக் கொண்டே தாண்டிப்போக முடிந்தது. 2025 டிசம்பரில் ரியாக்ட் சர்வர் காம்பொனென்ட்டில் வெளியான குறை, உள்நுழையாமலே சர்வரில் கோடு ஓட்டவிடும் அளவுக்குக் கடுமையானது. 2017-இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபாக்ஸில் நடந்த தரவுத் திருட்டில், அது பயன்படுத்திய ஸ்ட்ரட்ஸ் என்ற ஜாவா ஃபிரேம்வொர்க்குக்கான திருத்தம் மார்ச்சிலேயே வந்திருந்தது, அதைப் போடாமல் விட்டதால் மே மாதம் உள்ளே வந்தார்கள். எந்தக் கட்டாக இருந்தாலும் திருத்தம் வந்த சில நாளில் போட முடிகிறதா என்பதுதான் உங்களைக் காப்பாற்றும். தொகுப்புகளில் தெரிந்த ஓட்டைகளைக் காட்டும் கம்போசர் ஆடிட்டை வாரா வாரம் ஓட்டுங்கள். உங்களைப் போலப் பல வியாபாரிகளின் தரவை ஒரே டேட்டாபேஸில் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: வியாபாரி எண்ணைத் தானாகச் சேர்க்கும் குளோபல் ஸ்கோப், கையால் எழுதிய நேரடி எஸ்கியூஎல்லில் வேலை செய்யாது. கோடில் அப்படிப்பட்ட எல்லா இடத்தையும் தேடி எடுத்துப் படியுங்கள். அது இருக்கிறதா இல்லையா என்பதை வெளியில் இருந்து சொல்ல முடியாது.

பதில் சொல்லும் முறைக்கு வருகிறேன். வந்த ஒவ்வொரு வரியிலும் சோதித்துப் பார்க்கக்கூடிய ஒரு கூற்று இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். 'லைவ்வயர் ஆஃப்லைனில் ஓடாது' என்பது கூற்று. 'பிஎச்பி எழுதுபவர் டெவலப்பரே இல்லை' என்பது கூற்று அல்ல, அதற்குப் பதில் எழுத வேண்டாம். மலையில் உட்கார்ந்து, பக்கத்து வியாபாரியின் கணக்கு சரியாக வர வேண்டும் என்று உழைப்பவரை அப்படிப் பேசுவது வருத்தம் தருகிறது. ஆனாலும் அந்த வருத்தத்தைக் கட்டுரைக்குள் கொண்டுவந்தால், நியாயமாகக் கேட்டவருக்கான பதிலும் அதில் மூழ்கிவிடும். 'மெதுவாக இருக்கிறது' போன்ற பாதிக் கூற்றுக்கு எந்தப் பதிப்பு, எத்தனை பேர், எந்தப் பக்கம் என்று ஒரே ஒரு முறை கேளுங்கள். சொன்னால் அளந்து பாருங்கள், சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். சரியாகச் சொன்னவருக்கு, 'நீங்கள் சொன்னது சரி, எடைச் சீட்டுத் திரைக்கு லைவ்வயர் பொருந்தாது, கட்டுரையில் தேதியோடு திருத்தியிருக்கிறோம்' என்று இரண்டு வரி போதும். பழைய வரியைச் சத்தமில்லாமல் அழிக்காதீர்கள். விமர்சனம் எதற்கு வந்தது என்றே பிறகு படிப்பவருக்குப் புரியாமல் போகும். கட்டுரையின் மேலேயே, லாராவெல்லில் செய்த மென்பொருளை நாங்கள் விற்கிறோம் என்றும் போடுங்கள். சோதனைக் கோடையும் சர்வர் அமைப்பையும் யாரும் ஓட்டிப் பார்க்கும்படி வெளியிடுங்கள், ஆனால் அதில் உண்மையான வியாபாரியின் பெயரோ ஜிஎஸ்டி எண்ணோ ஒன்றுகூட இருக்கக் கூடாது.

ஆள் கிடைப்பதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். தேனி, குமுளி, கட்டப்பனைப் பக்கம் படித்து வருபவர்களுக்கு எது தெரியும் என்பதைப் பக்கத்துக் கல்லூரிகளில் விசாரித்தால்தான் தெரியும். உலகளாவிய கருத்துக்கணிப்பு எதுவும் உங்கள் ஊருக்குப் பதில் ஆகாது. மூவரில் இருவர் விலகி, வருபவருக்கு ஜாவாஸ்கிரிப்ட் மட்டுமே தெரியும் என்ற நிலை வந்தால் அப்போது மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. அப்போதும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். கோரிக்கைகளை முன்னால் வாங்கும் இன்ஜின்எக்ஸ் சர்வரில் ஒரு பாதையை மட்டும் புதியதற்குத் திருப்பி, முதலில் பணம் தொடாத அறிக்கைத் திரையை நகர்த்தி, ஒரு சீசன் முழுக்கப் பழையதும் புதியதும் ஒரே எண்ணைத் தருகிறதா என்று ஒப்பிட்டு, பில் திரையைக் கடைசியில் தொடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியதில் முதலாவது, பிஎச்பி பதிப்பையும் ஆப் டீபக் அணைந்திருக்கிறதா என்பதையும் பார்ப்பது. அன்றைக்கே பேக்கப்பை எடுத்து வேறொரு சர்வரில் திரும்ப ஏற்றி, ஒரு வியாபாரியின் பாக்கி இரண்டிலும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். மை எஸ்கியூஎல் டம்ப்பை சிங்கிள் டிரான்சாக்ஷன் தேர்வோடு எடுத்தால், இன்னோடிபி அட்டவணைகள் நடுவில் பில் போட்டாலும் குழம்பாது. அதன் பிறகு குவெரி எண்ணிக்கை, எஃப்பிஎம் எண், வரி ஃபங்ஷனுக்கான டெஸ்ட் என்று போங்கள். எடைச் சீட்டுத் திரையை அடுத்த பறிப்புச் சீசன் சூடு பிடிப்பதற்கு முன், ஒரே ஒரு ஸ்டோரில் கைபேசியை ஏரோப்ளேன் மோடில் போட்டு எடை போடச் சொல்லிச் சோதித்த பிறகே மற்றவர்களுக்குக் கொடுங்கள்.